மழைக்கு முன் கூரை

மதுரைச் சமவெளியில் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி, ஐப்பசி முதல் மார்கழி வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பதாகும். அதற்கு முன்னரே ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடியும் சூறைக்காற்றுமாகப் பெய்வதும் உண்டு. மழைக்கு முன் வரப்பை வெட்டிக் கட்டவும் கண்மாய் மடையைப் பார்க்கவும் மறவாத குடியானவர், தம் தலைக்கு மேலுள்ள கூரையை மட்டும் முதல் ஒழுக்கு விழுந்த பின்னரே அண்ணாந்து பார்க்கின்றனர். இவ்வழக்கம் நீங்க வேண்டுமென்பது எமது அபிப்பிராயம்.

கூரை ஒழுகுவது வீட்டாரின் அசௌகரியம் மட்டுமன்று. அது மகசூல் நஷ்டமுமாகும். பெரியாறு வைகைப் பாசனத்தில் இருபோக நிலத்து முதற்போக நெல், மழை தொடங்கும் தறுவாயிலேயே வீடு வந்து சேர்கிறது. நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்பட்டால் பூஞ்சணம் பற்றும். விதைநெல்லாயின் 13 பங்குக்குள் இருத்தல் அவசியம். நனைந்த நிலக்கடலையிலோ அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை விளைவிக்கும் பூஞ்சணம் வளரும். தார்ப்பாய் போர்த்தினால் போதாதோ எனச் சிலர் வினவலாம். நன்கு காயாத தானியத்தின்மேல் தார்ப்பாய் நெடுநாள் கிடப்பின், உள்ளீரம் வெளியேற வழியின்றிப் புழுங்கி முளை கட்டும். ஆதலின் நல்ல கூரைக்கு ஈடு வேறில்லை.

நாட்டோட்டு வீடுகளில் பூனை, அணில், குரங்குகளால் ஓடுகள் நகர்ந்து இடைவெளி உண்டாகும். சருகு அடைந்த இடத்தில் நீர் தேங்கி உட்புறம் திரும்பும். ஆகவே சருகை அகற்றி, உடைந்த ஓட்டை மாற்றி, முகட்டுக் காரையைப் புதுப்பிக்க வேண்டும். 1865-ஆம் வருஷம் பாசல் மிஷனார் மங்களூரில் செய்யத் தொடங்கிய சீமையோடு ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதாயினும், அடியிலுள்ள சட்டத்தைக் கறையான் தின்றிருப்பின் பயனில்லை. கைமரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் உள் பொள்ளல் ஒலியிலேயே தெரியும். கீற்று வேய்ந்த கூரைக்குச் சரிவு மிகுதியாக இருத்தல் வேண்டும். எக்கூரைக்கும் இறவாரம் போதிய அளவு நீண்டிராவிடில், சாரல் மண்சுவரின் அடியைக் கரைத்துவிடும்.

சிம்மக்கல் போன்ற மதுரையின் பழைய தெருக்களிலும், கிராமத்து மச்சு வீடுகளிலும் உள்ள காரைத் தளங்களில், பறவை எச்சத்தால் முளைக்கும் அரசங்கன்றே பெரும் பகை. அதை இளமையிலேயே வேரோடு களைக. கான்கிரீட் தளத்தில் நீர்க்குழாய் வாயை வேப்பிலை அடைத்தால், 100 சதுர அடியில் 4 அங்குலம் தேங்கிய நீரின் பாரம் ஏறக்குறைய 940 கிலோ என்பதை நினைவிற் கொள்க. தகரக் கூரையாயின் கொக்கி ஆணிகள் ஒவ்வொன்றையும் முடுக்குதல் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறித் திண்டுக்கல் வரையிலும் சேதம் விளைத்தது. காற்று கடற்கரையோடு நின்றுவிடுமென எண்ணலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. 1980-ல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் எடுபட்டபின் வந்த கிராம நிர்வாக அலுவலரிடமே, விழுந்த வீடுகளைக் கணக்கெடுக்கும் பொறுப்பு இருந்து வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, சேதமுற்ற குடிசைக்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக அரசு உயர்த்தியது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் சுவர் விழுந்து மாண்ட உயிரை எந்நிவாரணமும் மீட்பதில்லை. விழுந்ததை எண்ணும் கணக்கைப் போல, விழக்கூடியதை எண்ணும் கணக்கும் புரட்டாசியிலேயே எழுதப்படல் வேண்டும். பலவீனமான வீடுகளின் ஜாபிதா கையிலிருந்தால், அடைமழை இரவில் எவ்வீட்டாரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்வதென்று தேட வேண்டியிராது.

நிலச்சுவான்தார்களும் தம் களஞ்சியத்தை மட்டும் காத்து, தோட்டத்துக் கொட்டகையில் குடியிருக்கும் வேலையாளின் கூரையை மறத்தல் நியாயமன்று. நாற்று நடும் கை நனைந்து நோயுற்றால் நடவும் தாமதப்படும். முதல் மழை பெய்த மறுநாள் ஊரார் அனைவரும் ஒரே கொத்தனாரைத் தேடுவர். கூலியும் ஏறும், வேலையும் அரைகுறையாகும். புரட்டாசியில் ஒரு நாள் ஏணி சார்த்துவது சிக்கனமும் தர்மமும் ஆகும்.