கையெழுத்துப் போட்டா டைவர்ஸ் ஆகிடுமா?

நம்ம படங்கள்ல ஒரு சீன் அடிக்கடி வரும். ஹீரோயின் ஒரு கவரை டேபிள் மேல வைப்பாங்க. உள்ளே டைவர்ஸ் பேப்பர். ஹீரோ கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டதும் கல்யாணம் முடிஞ்சிடும். நிஜத்துல அந்தக் கையெழுத்துக்கு அப்புறம்தான் எல்லாமே தொடங்குது. வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் சரி, ரெண்டு பேரும் பத்திரத்துல எழுதிக்கிட்டாலும் சரி, கோர்ட் தீர்ப்பு வர்ற வரைக்கும் இந்து திருமணச் சட்டப்படி அவங்க கணவன் மனைவிதான். (அறுத்துக்கட்டும் வழக்கம் உள்ள சமூகங்களுக்கு மட்டும் சட்டம் தனியா இடம் விட்டிருக்கு.)

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்காதீங்க. அப்பா ஒரு ஊர், அம்மா ஒரு ஊர்னு இருக்கிற வீட்டுல இருந்து வந்தவங்க நம்ம ஹாஸ்டல்லயே இருக்காங்க. என் நண்பன் ஒருத்தன் எட்டாவது படிக்கும்போது போட்ட கேஸ், அவன் ப்ளேஸ்மென்ட் வாங்கின பிறகும் வாய்தாவுல ஓடிக்கிட்டிருக்கு.

ஏன் இவ்வளவு இழுக்குது? 1955-ஆம் வருஷ இந்து திருமணச் சட்டத்துல வெளியே வர ரெண்டே கதவுதான். முதல் கதவு பரஸ்பர சம்மதம், பிரிவு 13பி. ஒரு வருஷமாவது பிரிஞ்சு இருந்திருக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து மனு போடணும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி வந்து, "ஆமா, பிரியத்தான் போறோம்"னு உறுதி சொல்லணும். ஏற்கெனவே ஒன்றரை வருஷம் பிரிஞ்சு இருந்து, சமரசத்துக்கு வழியே இல்ல, ஜீவனாம்சம், குழந்தை யார்கிட்டங்கிறது எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னா, அந்த ஆறு மாசத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம்னு 2017-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இது நல்ல கதவு. ஆனா தீர்ப்புக்கு முன்னாடி ஒருத்தர் சம்மதத்தை வாபஸ் வாங்கிட்டா மூடிக்கும்.

அப்புறம் மிச்சம் இருக்கிறது பிரிவு 13. இங்கே எதிராளி மேல தப்பை நிரூபிக்கணும். கொடுமை, வேறு உறவு, ரெண்டு வருஷமா கைவிட்டுப் போனது, மதம் மாறியதுன்னு ஒரு பட்டியலே இருக்கு. கணவன் சந்நியாசம் வாங்கிட்டா அதுவும் ஒரு காரணம். ஏழு வருஷமா உயிரோட இருக்கிற தகவலே இல்லைன்னா அதுவும் காரணம். ஆனா "எங்களுக்குள்ள எதுவுமே மிச்சம் இல்ல"ங்கிறது மட்டும் காரணம் இல்ல!

என் சண்டை இந்த இடத்துலதான். சும்மா ஒத்துப்போகாத ரெண்டு பேர்ல ஒருத்தர் வெளியே வரணும்னா, இன்னொருத்தரைக் கொடுமைக்காரர்னு மனுவுல எழுதியாகணும். எழுதினதும் அந்தப் பக்கம் பதில் மனுவுல இன்னும் மோசமா எழுதுவாங்க. அமைதியாப் பிரிஞ்சிருக்க வேண்டியவங்க பரம எதிரிகளாயிடுறாங்க. நடுவுல குழந்தை. சம்மதத்தைப் பேரம் பேசுற பொருளா மாத்துறதும் இதே சட்டம்தான்.

மீள முடியாதபடி முறிஞ்ச திருமணத்தை, ஒருத்தர் எதிர்த்தாலும், 142-ஆவது பிரிவுல முடிச்சு வைக்கலாம்னு 2023-ல அஞ்சு நீதிபதிகள் அமர்வு சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனா அந்த அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும். உங்க ஊர் குடும்பநல நீதிமன்றத்துக்குக் கிடையாது. டெல்லி வரைக்கும் போக எத்தனை பேருக்குக் காசும் ஆயுசும் இருக்கு?

இந்தக் காரணத்தைச் சட்டத்துல சேர்க்கணும்னு சட்ட ஆணையம் 1978-லயே சொன்னது, 2009-ல மறுபடியும் சொன்னது. 2013-ல ராஜ்யசபா ஒரு மசோதாவை நிறைவேத்துச்சு. லோக்சபாவுல அப்படியே காலாவதி ஆயிடுச்சு. வருமானம் இல்லாத மனைவியைக் கணவன் சுலபமாக் கழட்டி விட்டுடுவான்ங்கிற பயம் அப்பவும் இருந்தது. நியாயமான பயம்தான். ஆனா அந்த மசோதாவுலயே மூணு வருஷப் பிரிவு கட்டாயம், பணக் கஷ்டத்தைக் காட்டி மனைவி எதிர்க்கலாம்னு பாதுகாப்பு இருந்தது. அது போதலன்னா இன்னும் பலமா எழுதியிருக்கலாம். தூக்கிப் போட்டிருக்க வேண்டாம்.

வீட்டுல ஏற்கெனவே கேஸ் நடக்குதுன்னா ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமலே, இலவச வக்கீல் வைக்கச் சட்டத்துல உரிமை இருக்கு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல ஒரு மனு கொடுத்தாப் போதும். வாய்தாவுக்குத் தனியா பஸ் ஏறிப் போற அம்மா யாராவது இருந்தா, இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லுங்க.