ஒரே பொம்மை போதுமா?

ஊருக்கெல்லாம் ஒரே அளவில் சட்டை தைத்தால் என்ன ஆகும்? சிலருக்குப் பொருந்தும். பலருக்குப் பொருந்தாது. சட்டை பொருந்தாவிட்டால் உயிர் போகாது. காரின் பாதுகாப்பு பொருந்தாவிட்டால்?

மோதும் பொம்மை

புதிய காரைச் சுவரில் மோதவிட்டுச் சோதிப்பது வழக்கம். உள்ளே மனிதனுக்குப் பதில் ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கும். 1976-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி "ஹைப்ரிட் 3" என்ற பொம்மையைச் செய்தது. அது ஆண் பொம்மை. உயரம் 175 சென்டிமீட்டர். எடை சுமார் 78 கிலோ. அதுவே உலகெங்கும் அளவுகோல் ஆயிற்று.

பெண் பொம்மை இல்லையா? உண்டு. ஆனால் அது ஆண் பொம்மையைச் சிறிதாக்கிச் செய்தது. எடை 49 கிலோதான். நடுத்தரப் பெண்ணின் அளவு அல்ல.

விளைவு என்ன? அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2019-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பெல்ட் போட்டிருந்தும், கார் முன்பக்கமாக மோதும்போது, பெண்கள் படுகாயம் அடையும் வாய்ப்பு ஆண்களைவிட 73 சதவீதம் அதிகம் என்று அது கூறியது.

கம்ப்யூட்டர் மனிதர்கள்

இதற்கு வழி பிறந்துவிட்டது. எலும்பும் தசையும் கொண்ட மனித உடலைக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்குகிறார்கள். ஜப்பானின் டொயோட்டா கம்பெனி 2000-ம் ஆண்டில் "தம்ஸ்" என்ற உடலை உருவாக்கியது. 2021-ல் அதை எல்லோருக்கும் இலவசமாகத் தந்தது. கம்ப்யூட்டரில் குட்டை, நெட்டை, ஒல்லி, பருமன், கிழவர், குழந்தை என்று எத்தனை உடலையும் படைக்கலாம். எத்தனை முறையும் மோதவிடலாம். கார் நொறுங்காது, செலவும் குறைவு.

கம்ப்யூட்டர் சொல்வதை அப்படியே நம்பலாமா? கூடாது. உள்ளே போடும் கணக்கு சரியாக இருந்தால்தான் விடையும் சரியாக இருக்கும். ஆண் உடலை மட்டும் அளந்து போட்டால் பழைய தவறே மீண்டும் வரும். ஆகவே நிஜ மோதலும் வேண்டும். சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பெண் பேராசிரியரின் குழுவினர் 2022-ல் நடுத்தரப் பெண்ணின் அளவில் பொம்மை செய்து காட்டினர். உயரம் 162 சென்டிமீட்டர். எடை 62 கிலோ.

கருவி இருக்கிறது. அதைக் கட்டாயமாக்கும் சட்டம்தான் வேண்டும். பலவகை உடல்களையும் காக்கும் என்று காட்டிய பிறகே காரை விற்கவேண்டும் என அரசாங்கங்கள் விதிக்கவேண்டும்.

காருக்கு விலை வாங்கும்போது ஆண், பெண் என்ற வித்தியாசம் இல்லை. உயிரைக் காப்பதில் மட்டும் ஏன்?