பணிந்தால் அடிமையா?

மனமொத்து ஒருவர் ஆள, இன்னொருவர் பணியும் பிடிஎஸ்எம் உறவு என்றதும் நம்மாட்கள் இரண்டே தீர்ப்புதான் வைத்திருக்கிறார்கள். ஒன்று மனநோய், இல்லாவிட்டால் தன்மானமில்லாத ஜென்மம்.

முதல் தீர்ப்பு காலாவதியாகிவிட்டது சாமி. தனக்கு வேதனையோ, சம்மதிக்காத பிறருக்குத் தீங்கோ இல்லாதவரை இந்த விருப்பம் நோயல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013லேயே சொல்லிவிட்டது. பொறுப்பு சுமந்து சுமந்து அலுத்துப்போன 'நான்' என்பதைக் கொஞ்ச நேரம் இறக்கி வைப்பதுதான் பணிவதில் உள்ள சுகம் என்றார் உளவியலாளர் ராய் பாமைஸ்டர், 1988ல்.

அடுத்தது தன்மானம். மிரட்டலும் நிர்ப்பந்தமும் கலந்தால் அது சுதந்திரமான சம்மதமே இல்லை என்று 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பி.காம் பசங்க நாங்கள் உருப்போடுகிறோம். இங்கே அதற்கும் ஒருபடி மேல். எல்லைகளை முன்பே பேசி, நிறுத்த ஒரு சொல்லும் வைத்துக்கொள்கிறார்கள். அதைச் சொன்ன நொடியில் ஆட்டம் க்ளோஸ். கடிவாளம் பணிகிறவர் கையில்! (அந்தச் சொல்லை மதிக்காதவன் செய்வது வன்முறை. அவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

விரும்பிப் பணிந்தால் மரியாதை போய்விடும் என்பவர்கள் எங்க காஞ்சிபுரம் திருவெஃகாவுக்கு வரட்டும். திருமழிசையாழ்வார் சொன்னதும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியவர், சொன்னவண்ணம் செய்த பெருமாள். சிறுத்தா போனார்?

சேர்ந்து வாழும் மனைவிக்கு 18 வயது நிரம்பியிருந்தால், அவள் சம்மதமில்லாமல் கணவன் கொள்ளும் உறவு வன்புணர்வு ஆகாதாம். 2024ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 63ஆம் பிரிவின் விதிவிலக்கு. கேட்காமலே பணியவைக்கும் இதைப் பார்த்து மட்டும் உங்களுக்கு ஏன் குமட்டவில்லை?