இலவச மிதிவண்டி நிலைக்குமா?



நகரத் தெருவில் ஒரு மிதிவண்டி நிற்கிறது. பூட்டு இல்லை, சொந்தக்காரரும் இல்லை. யார் வேண்டுமானாலும் ஏறிச் செல்லலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் அடுத்தவருக்காக விட்டுவிட வேண்டும். காசு கொடுக்க வேண்டியதில்லை.

"இது நடக்கிற காரியமா? மறுநாளே வண்டி காணாமல் போய்விடும்!" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். மக்கள் பொறுப்பற்றவர்கள், ஆகவே பொதுப்பொருள் நிலைக்காது என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். இந்த எண்ணம் தவறு என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

1965-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 'புரோவோ' என்னும் இளைஞர் குழு இதைச் செய்து பார்த்தது. கார்களின் நெரிசலுக்கும் புகைக்கும் மாற்றாக, சில மிதிவண்டிகளுக்கு வெள்ளை வண்ணம் பூசித் தெருவில் விட்டார்கள். பூட்டாத வண்டியைத் தெருவில் நிறுத்துவது சட்டப்படி குற்றம் என்று காவல்துறையினர் அவற்றை எடுத்துச் சென்றுவிட்டனர். நோக்கம் நல்லதுதான், ஆனால் அதைத் தாங்கி நிற்க ஓர் ஏற்பாடு இல்லை.

1995-இல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1,000 மிதிவண்டிகள் விடப்பட்டன. வண்டியின் பூட்டில் 20 குரோனர் நாணயத்தைப் போட்டால் பூட்டு திறக்கும். எந்த நிலையத்தில் கொண்டுபோய்ப் பூட்டினாலும் நாணயம் திரும்பக் கிடைத்துவிடும். ஆகவே பயணம் இலவசமே! ஒருவர் வழியில் விட்டுச் சென்ற வண்டியைக்கூட, அந்த நாணயத்துக்காக இன்னொருவர் நிலையத்தில் சேர்க்க வழி பிறந்தது. வண்டியின் பாகங்கள் வேறு வண்டிகளுக்குப் பொருந்தாதபடி செய்யப்பட்டிருந்தன. கழற்றி எடுத்து என்ன பயன்? அப்படியும் சில வண்டிகள் திருடு போயின. எடுத்தவர் யார் என்று நாணயம் சொல்லாதல்லவா? என்றாலும் திட்டம் 2012 வரை நடந்தது.

திருட்டு மட்டும்தான் சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள். பாரிஸ் நகரில் 2007-இல் 'வெலிப்' மிதிவண்டித் திட்டம் தொடங்கியது. சந்தா கட்டியவர்களுக்கு ஒவ்வொரு பயணத்திலும் முதல் அரை மணி நேரம் இலவசம். ஆனால் மொன்மார்த்ர் போன்ற மேட்டுப் பகுதிகளிலிருந்து வண்டியில் இறங்கி வந்தவர்கள், திரும்பும்போது வண்டியை எடுக்கவில்லை. மேட்டு நிலையங்கள் காலியாயின. பள்ளத்து நிலையங்கள் நிரம்பி வழிந்தன.

இது யாருடைய குற்றம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் எடை 50 கிலோ, வண்டியின் எடை சுமார் 22 கிலோ என்று கொள்வோம். 60 மீட்டர் உயரம் ஏற, 72 × 10 × 60 = 43,200 ஜூல் ஆற்றலை உங்கள் கால்கள் தந்தாக வேண்டும். இறங்கும்போதோ புவியீர்ப்பே இழுத்துச் சென்றுவிடும். 2008-இல் நகராட்சி ஒரு வழி கண்டது. மேட்டு நிலையத்தில் வண்டியைச் சேர்ப்பவருக்கு 15 நிமிடம் கூடுதல் இலவச நேரம் அளித்தது.

மக்களைத் திட்டி எந்த நகரமும் வெற்றி பெறவில்லை. திருப்பித் தருவதை எளிதாக்கிய நகரங்களே முன்னேறின.

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் விளையாட்டு அறையிலும் பொதுப்பொருள்கள் உண்டு. அடுத்த முறை ஒரு பொருள் காணாமல் போனால், "எடுத்தது யார்?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதைத் திரும்ப வைக்க இடம் இருந்ததா, வைப்பது எளிதாக இருந்ததா என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால், ஓர் ஏற்பாட்டை நீங்களே அமைத்துப் பாருங்களேன்!