மைக் பெரிதா, ஸ்டாண்ட் பெரிதா?

காரைக்காலில் மைக் இல்லாத விழா கிடையாது. ஆனி மாத மாங்கனித் திருவிழா, மஸ்தான் சாஹிப் தர்கா கந்தூரி, மாதா கோயில் தேர்பவனி, பள்ளி ஆண்டு விழா, கல்லூரிப் பேச்சுப் போட்டி... எதுவாக இருந்தாலும் முதலில் மேடை ஏறுவது மைக்தான். "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ" என்பதுதான் விழாவின் முதல் பேச்சு!

ஆனால் அந்த டெஸ்டிங்கைச் செய்வது யார்? மைக்செட்காரர். தன் உயரத்துக்கு ஸ்டாண்டை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார். அடுத்து ஆறடி உயரச் சிறப்பு விருந்தினர் வருகிறார், கணீரென்று பேசுகிறார். அவருக்குப் பின் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வருகிறாள். மைக் அவள் தலைக்கு மேலே நிற்கிறது. மூன்றாவது வரிசைக்கே கேட்கவில்லை. "சத்தமா பேசும்மா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிடுகிறது. "பிள்ளைக்கு மேடைப் பயம்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

உண்மையில் குறை அவள் தொண்டையில் இல்லை. ஸ்டாண்டின் கழுத்தில் இருக்கிறது!

முதலில் மைக்கைப் பார்க்கலாம். மேடைகளில் அதிகம் புழங்குவது டைனமிக் மைக். உள்ளே ஒரு மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். ஒலி பட்டுச் சவ்வு அதிர்ந்தால் சுருள் காந்தப் புலத்தில் அசையும், மின்சாரம் பிறக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்ட அதே தத்துவம். பேட்டரி வேண்டாம், கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. ஷூர் நிறுவனத்தின் எஸ்எம் 58 மைக் 1966-ல் வந்தது. இன்றும் விற்பனையாகிறது என்றால் வடிவமைப்பின் உறுதியை யோசித்துப் பாருங்கள்.

இந்த வகை மைக் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்பதில்லை. முன்னால் வரும் ஒலியை நன்றாக வாங்கும், பின்னால் வருவதைத் தள்ளிவிடும். எப்படி? சவ்வுக்குப் பின்புறமும் சிறு துளைகள் உண்டு. பின்னாலிருந்து வரும் ஒலி சவ்வின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி அமைத்திருப்பதால் அதன் தாக்கம் ரத்தாகிவிடும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் 'கூய்ய்' என்று அலறுவது இதனால்தான். துளைகளுக்குப் போகும் வழி அடைபட்டதும் மைக்குக்கு முன்பின் தெரியாமல் போய்விடுகிறது.

இத்தனை கெட்டிக்காரத்தனமும் ஒன்றை நம்பித்தான் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம்! தூரம் இரட்டிப்பானால் மைக்குக்கு வரும் ஒலி 6 டெசிபல் குறையும். இது இயற்பியல் விதி, சிபாரிசு செல்லாது.

இப்போது அந்த மாணவியின் கணக்கு. விருந்தினரின் வாய் மைக்கிலிருந்து 15 செ.மீ. தூரத்தில், நேர் எதிரே இருந்தது. மாணவி நாலரை அடி. அவள் வாய் ஏறத்தாழ 45 செ.மீ. கீழே இருக்கிறது. பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் தூரம் 47 செ.மீ. ஆகிறது. மூன்று மடங்குக்கு மேல்! அதாவது 10 டெசிபல் இழப்பு. ஒரே குரலில் இருவரும் பேசினாலும் அவளுடைய ஒலி ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் மைக்குக்குப் போகும். மைக் வேறு திசையைப் பார்ப்பதால் இன்னும் கொஞ்சம் குறையும்.

மைக்செட்காரர் என்ன செய்வார்? ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைத் திருகுவார். பெட்டியிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து அலறும். குழந்தையின் பேச்சு கேட்காது, தெருவுக்கு இரைச்சல் மட்டும் கேட்கும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சட்டத்தைப் பற்றிப் பேசும் முன் ஸ்டாண்டை ஒரு சாண் இறக்கியிருக்கலாமே?

அங்கேதான் சிக்கல். பல ஸ்டாண்டுகள் இறங்குவதே இல்லை!

ஸ்டாண்டுக்கு மூன்று உறுப்புகள். அடிப்பாகம், குழாய், பிடிப்பு. அடிப்பாகம் வார்ப்பிரும்பு வட்டமாக இருந்தால் இடம் அடைக்காது, ஆனால் தூக்குவது கஷ்டம். முக்காலியாக இருந்தால் லேசு, ஆனால் கால் தடுக்கும். குறுக்குக் கை வைத்த ஸ்டாண்ட் என்றால், அந்தக் கை நீளும் திசையிலேயே முக்காலியின் ஒரு கால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மைக்கின் எடை ஸ்டாண்டைக் கவிழ்த்துவிடும்.

மூன்றாவதான பிடிப்புதான் உயிர்நாடி. வெளிக்குழாய்க்குள் உட்குழாய் ஏறி இறங்கும்; திருகினால் பிடித்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் உப்புக் காற்றும் மணலும் அதற்குள் புகுந்தால் குழாய் துருப்பிடிக்கும், பிடிப்பு தேயும். உடனே ஒரு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒரே உயரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்த மேடையில் யார் குரல் கேட்கும் என்பதை முடிவு செய்வது அந்த டேப்தான்!

இது சிறிய ஊர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. 1991 மே 14 அன்று அமெரிக்க வெள்ளை மாளிகையில் நடந்ததைக் கேளுங்கள். ஆறடிக்கு மேல் உயரமான அதிபர் ஜார்ஜ் புஷ் பேசிவிட்டு நகர்ந்தார். அடுத்துப் பேச வந்தவர் பிரிட்டிஷ் மகாராணி எலிசபெத். அவர் ஏறி நிற்கவேண்டிய சிறு படியை இழுத்துப் போட மறந்துவிட்டார்கள். மைக்குகளுக்குப் பின்னால் உலகம் பார்த்தது ஒரு தொப்பியை மட்டும்! இரண்டு நாள் கழித்து அமெரிக்க நாடாளுமன்றத்தில், இன்றாவது தன்னைப் பார்க்க முடிகிறதா என்ற பொருளில் பேச்சைத் தொடங்கினார், சபை சிரித்தது. மகாராணி என்பதால் அது நகைச்சுவை ஆனது. பள்ளி மாணவிக்கு அதுவே அவமானம் ஆகிறது.

"அந்தக் காலத்தில் மைக்கா இருந்தது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான். 1973-ல் வந்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் அம்மையாராக நடித்த கே.பி. சுந்தராம்பாள், மைக் வருவதற்கு முன்பே நாடக மேடையில் பாடிப் பெயர் வாங்கியவர். ஆனால் எல்லோரும் கே.பி.எஸ். ஆக முடியாது, அதற்காகத்தானே மைக் வந்தது! "கையில் பிடித்துப் பேசட்டும்" என்பார்கள். மேடைப் பழக்கம் உள்ளவருக்குச் சரி. ஒரு கையில் குறிப்புத் தாளும் மறு கையில் நடுக்கமுமாக நிற்கும் குழந்தைக்கு?

மைக்குக்குச் செலவு செய்ய யாரும் யோசிப்பதில்லை. ஸ்டாண்ட் என்றால் 'ஏதோ ஒன்று போதும்' என்கிறார்கள். வணிகவியல் படிக்காதவருக்கும் புரியும் கணக்கு இது. ஆயிரக்கணக்கில் போட்ட முதல், சில ரூபாய் ரப்பர் தேய்ந்ததால் வீணாகிறது.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. விழா முடிந்ததும் குழாயைத் துடைத்து வையுங்கள். தேய்ந்த பிடிப்பை மாற்றுங்கள். நிகழ்ச்சியில் பேசப்போகும் மிகக் குள்ளமானவரை வைத்து மைக் டெஸ்ட் செய்யுங்கள். ஒவ்வொருவர் பேச வரும்போதும் ஸ்டாண்டைச் சரிசெய்ய ஒரு மாணவரை மேடை ஓரத்தில் நிறுத்துங்கள். ஐந்து நொடி வேலை.

ஒரு பெண்ணின் தமிழால் பெயர் பெற்ற ஊர் காரைக்கால். அம்மையாரின் பாடல்கள் எந்த மைக்கும் இல்லாமல் பல நூற்றாண்டு கடந்து வந்திருக்கின்றன. அந்த ஊரில் ஒரு சிறுமியின் குரல் மூன்றாவது வரிசைக்குக்கூடப் போகவில்லை என்றால், "சத்தமா பேசும்மா" என்று சொல்லும் முன் யாராவது ஒருவர் எழுந்துபோய் அந்த ஸ்டாண்டை இறக்கட்டும்!