விடுதலைப் பத்திரம்

தோழர்களே!

விடுதலை எனும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தோள் பூரிப்பவர்கள் நீங்கள். ஆயின், சார்பதிவாளர் அலுவலகத்தில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளுண்டு. பூர்வீக நிலத்தில் தனக்குள்ள பங்கை உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுத்து மகள் கையொப்பமிடும் தாளுக்குப் பெயர், விடுதலைப் பத்திரம்! யாருக்கு, யாரிடமிருந்து விடுதலை?

1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. அறுபதாண்டு கழித்து, 1989-இல் தமிழகம் சட்டம் கண்டது. அதற்கு முன்னரே மணமானோரை விலக்கிவிட்டுத்தான்! இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களையும் சேர்த்தது. சட்டம் வந்தது, கையொப்பம் நின்றதா?

அறியாமையால் இடுகிறாளா? அன்று. என் வயதுப் பெண்கள் சட்டமறிந்தவர்கள். பங்கு கேட்டால் பிறந்தகத்தின் கதவு அடைபடும். நாளை அவள் மகளின் காதணி விழாவுக்குத் தாய்மாமன் சீர் வாராது. கணவன் வீட்டில் கண்கலங்கினால் கேட்பதற்கு நாதியிராது. அந்த அச்சமே பேனாவை நகர்த்துகிறது. ஒரு காணி நிலத்துக்கு ஈடாக ஒரு பட்டுப் புடவை! இதற்குப் பாசமென்று பெயர். (வட்டிக்கடைக்காரனும் இவ்விலை சொல்லக் கூசுவான்.)

மேடையிலே பெண்ணுரிமை முழங்கும் தோழரே, உம் தங்கை ஒப்பமிட்ட தாள் உம் வீட்டுப் பெட்டியில் உறங்குகிறதா? அவள் பங்கைத் திருப்பி எழுதிவைக்கவும் அதே அலுவலகத்தில் பத்திரமுண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், 'தான' செட்டில்மெண்ட்!