மௌனம் சம்மதமன்று

இணையத்தில் செய்திகளுக்கு வழிகாட்டும் கருவி ரூட்டர். 'பிஜிபி' என்னும் நெறிமுறைப்படி இரு ரூட்டர்கள் பேசத் தொடங்கும்போது, முதல் செய்தியிலேயே தத்தம் திறன்களை அறிவிக்கின்றன. இருவர்க்கும் பொதுவானதே பயன்படுகிறது. 2000-ஆம் ஆண்டில் இம்முறை வகுக்கப்படுமுன், அறியாத விருப்பக்கூறு ஒன்று வந்தாலே தொடர்பு முறிந்துவிடும்!

வலைப்பின்னல்களுக்கு 65535-க்கு மேற்பட்ட அடையாள எண்கள் 2007-இல் நெறிப்படுத்தப்பட்டன. அவற்றை அறியாத பழைய ரூட்டரைப் புதியது ஒதுக்குவதில்லை. 23456 என்ற மாற்று எண்ணை இட்டு, அதற்குப் புரியும்படியே பேசுகிறது.

நண்பர்களே! அங்கே அறிவிக்கப்படாத திறன், இல்லாத திறனாகவே கொள்ளப்படும். நம் வகுப்பிலோ மௌனம் 'புரிந்தது' என்று கொள்ளப்படுகிறது! ஆங்கில விளக்கம் விளங்காமலே தலையாட்டுவோர் எத்தனை பேர்? கேட்டால் சிரிப்பார்களோ என்ற அச்சம். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக முனையும் எனக்கு அவ்வச்சம் புதிதன்று.

தெரியாமை இழிவன்று. பருவத்தின் முதல் நாளிலேயே, 'இதுவரை தெரியும். இதற்குமேல் தெரியாது' என்று நாம் துணிந்து சொல்வோம். ஆசிரியப் பெருமக்களே! நாங்கள் பேசாதிருந்தால், புரியவில்லை என்றே கொள்ளுங்கள். எங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.